வெளிச் சுற்று

ஜூன் இரண்டாம் வாரம்.
எடைமேடை அறைக்குள் ஈக்களும் நானும்
ஒரு கணினியும்.
பெங்களூரா ஏற்றிய லாரிகள்
கூழ் ஆலை வாசலில் தொடங்கி
பெட்ரோல் பங்க் வரை.

பன்னிரண்டு கொள்முதல் மையங்கள்.
பழைய பேரேட்டில் இருந்த வரிசையிலேயே எண் போட்டேன்:
வேப்பனஹள்ளி ஒன்று, போச்சம்பள்ளி இரண்டு,
ஆலை இருக்கும் கிருஷ்ணகிரி ஐந்து,
காவேரிப்பட்டணம் ஏழு.
ஏன் அப்படி என்று கேட்காதீர்கள்,
பேரேடு எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

நேர்ச்சாலை இருந்தால் கட்டத்தில் கிலோமீட்டர்.
இல்லையென்றால் முடிவிலி.
முடிவிலிக்கு நான் வைத்த எண்
ஆறு ஒன்பதுகள்.
மூலைவிட்டம் முழுக்கப் பூஜ்ஜியம்:
தன்னிடமிருந்து தன்னிடம் போகத்
தூரமே இல்லையாம்.
இதை மட்டும் நம்பாமலே தட்டினேன்.

எங்கிருந்து, எங்கே, யார் வழியாக.
பேசுகிற வரிசையிலேயே எழுதிவிட்டேன்
மூன்று சுற்றையும், ஒன்றுக்குள் ஒன்றாக.
'யார் வழியாக' கடைக்குட்டியாய் உள்ளே.

ஓட்டினேன்.
வேப்பனஹள்ளியிலிருந்து போச்சம்பள்ளிக்கு
ஆறு ஒன்பதுகள்.
வழியே கிடையாது.

எடைமேடையில் திம்மராயன் ஹாரன் அடிக்கிறார்.
விடிகாலை வேப்பனஹள்ளியில் காலிக் கூடைகளை இறக்கிவிட்டுப்
போச்சம்பள்ளியில் பாரம் ஏற்றி வந்த வண்டி.
பதினொரு டன் நானூறு கிலோ.
தார்ப்பாய் விளிம்பில் மாம்பால் சொட்டுகிறது,
இல்லாத சாலையில் வந்த பழம்.

கட்டம் கட்டமாக அச்சிட்டுப் பார்த்தேன்.
போச்சம்பள்ளியின் முறை வந்தபோது
ஐந்தாம் எண்ணைக் கேட்டிருக்கிறது.
வேப்பனஹள்ளியிலிருந்து என்னிடம் வரலாம்,
இங்கிருந்து போச்சம்பள்ளி எனக்குத் தெரியாது.
ஏழாம் எண்ணையும் கேட்டிருக்கிறது.
போச்சம்பள்ளி எனக்குப் பக்கம்தான்,
வேப்பனஹள்ளிதான் எட்டவில்லை.
சரி என்று ஒன்பதுகளை அப்படியே விட்டு
நகர்ந்துவிட்டது.
ஐந்து கட்டம் தள்ளி
வேப்பனஹள்ளிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் வழி பிறந்தது.
போச்சம்பள்ளியிடம் திரும்பி வந்து சொல்ல
என் நிரலில் ஏற்பாடு இல்லை.

கேட்டபோது தெரியவில்லை.
தெரிந்தபோது யாரும் கேட்கவில்லை.

(பர்கூரில் படித்தபோது
நூலக வாசலில் இளம்பரிதி ஒன்று கேட்டான்.
தெரியலையே என்றேன்.
எட்டு மாதம் கழித்து ஒரு செமினார் வகுப்பில்
சட்டென்று தெரிந்தது.
அவன் அப்போது வேறு வரிசையில் உட்கார்ந்திருந்தான்.)

ஒரு வரியை வெட்டி மேலே ஒட்டினேன்.
'யார் வழியாக' இப்போது வெளிச் சுற்று.
முதலில் ஒன்றாம் ஊர் மட்டும் நடுவில் நிற்கட்டும்,
எல்லா ஊரும் எல்லா ஊருக்கும்
அதன் வழியே போய்ப் பார்க்கட்டும்.
குறைந்தால் எழுதிக்கொள், குறையாவிட்டால்
இருப்பது இருக்கட்டும்.
பிறகு இரண்டாம் ஊருக்கும் அனுமதி, பிறகு மூன்று.
ஒருமுறை கண்டதை மறுபடி தேடாதே,
கட்டத்தில் இருக்கிறது, எடுத்துக்கொள்.
ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டுத் தடவை.
எடைச்சீட்டில் கையெழுத்துப் போட
திம்மராயன் பேனாவை உதறுவதற்குள் முடிந்தது.

ஐம்பத்திரண்டு.
ஐந்து வழியாக, அப்புறம் ஏழு வழியாக.

குனிந்து திரையைப் பார்த்தார்.
"நான் போற ரூட்டுதானே இது."
ஆமாம் என்றேன்.
"இதுக்கா மூணு நாளு?"
ஆமாம் என்றேன்.

படியிறங்கியவர் திரும்பி நின்றார்.
"ஞாயித்துக்கிழமை போச்சம்பள்ளி சந்தைம்மா.
ஆடு மாடு ரோட்டுலயே நிக்கும்.
அன்னிக்கு உங்க அம்பத்திரண்டு
நூத்தம்பதுக்குச் சமம்."

கிலோமீட்டரை அழித்து
நிமிடம் என்று எழுதுகிறேன்.
ஞாயிறுக்குத் தனி அட்டவணை.
மூலைவிட்டத்துக்கு வரும்போது
பூஜ்ஜியத்தின் மேல் விரல் நிற்கிறது.

ஐந்திலிருந்து ஐந்துக்கு,
அதாவது வாசலில் நின்ற லாரி
இந்த எடைமேடை ஏற,
நேற்று நான்கு மணி நேரம்.