பொருத்தம் இல்லை

மூன்றாம் மாடி ஆய்வறையில்
குளிர்சாதனம் மட்டும்தான் வாய்விட்டுப் பேசும்.
இயந்திரத்துக்கு ஒரு துளி கொடுத்தேன்.
நாற்பது நிமிடம்
ஜாதகம் பார்ப்பதுபோல் பார்த்தது.
ஹெராயின் இல்லை. ஃபெண்டானில் இல்லை.
பொருத்தம் இல்லை என்றது.
மறுபடி கொடுத்தேன்.
மறுபடியும் பொருத்தம் இல்லை.

ரத்தம் வந்தது பட்டர்வொர்த்திலிருந்து.
இரத்தினவேலு த/பெ குழந்தை, நாற்பத்திரண்டு.
துறைமுகத்தில்
கொள்கலன்களைக் கம்பி போட்டு இறுக்குகிறவர்.
கூடவே ஒரு தைல டப்பி,
அதற்குள் பாதி நீல மாத்திரை.

நான்காம் நாள்
ஒரு பழைய காப்புரிமைக் காகிதத்தில் அகப்பட்டது.
நான் பிறப்பதற்குப் பதினோரு ஆண்டு முன்பு
ஏதோ ஒரு குளிர்நாட்டில் செய்து
கைவிட்டது.
பெயர்கூட வைக்கவில்லை, எண்தான்.
சூடான தட்டில் நின்ற எலிகள்
காலை நக்கிக்கொள்ளவில்லை என்று ஒரு பட்டியல்.
சில எலிகள் மூச்சும் விடவில்லை என்று
அடிக்குறிப்பு.
அதோடு சரி.
எந்த மருத்துவரும் எழுதிக்கொடுக்காத,
எந்தத் தாதியும் ஊசியில் ஏற்றாத
வலிநிவாரணி.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
மருத்துவப் பயன்பாடு.
‘இல்லை’ என்று அடித்துவிட்டுப்
பசியாறப் போனேன்.

வியாழக்கிழமை அவர் தங்கை வந்தாள், செங்கமலம்.
வரக்கூடாது. ஜாகா எப்படியோ விட்டுவிட்டார்.
ஃபெரியில் நனைந்த செருப்பு.
கையில் அரசாங்க மருத்துவமனை அட்டை:
முதுகுத்தண்டு, அடுத்த தவணை அக்டோபர்.
அறிக்கை போலீசுக்குத்தான் போகும் என்றேன்.
அவள் அறிக்கை கேட்கவில்லை.

“எட்டு மாசமா ஒக்காந்தேதான் தூங்குவாருங்க,
செவத்துல சாஞ்சுக்கிட்டு.
அன்னிக்கு மட்டும் மல்லாந்து படுத்தாரு.
காலை நல்லா நீட்டி.
தூங்கட்டுமேன்னு
ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வச்சேன்.”

அவ்வளவுதான்.
கண்ணாடிக்கு வெளியே ஒரு ஃபெரி
சோம்பலாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

அரை நூற்றாண்டு காத்திருந்த மருந்துக்கு,
நானறிய, முதல் நோயாளி.
நாடி பிடிக்க ஆளில்லை,
கடிகாரம் பார்க்க ஆளில்லை.
குறிப்பெடுத்தவள் இவள் ஒருத்தி,
ஃபேன் விசையில் விரல் வைத்தபடி.

வேலை செய்திருக்கிறது.
அதை எழுதக் கட்டம் இல்லை.

அவள் போனபின் படிவத்தைத் திறந்தேன்.
இன்னும் அனுப்பவில்லை.
‘இல்லை’ என்பதன் ஓரத்தில்
சுட்டி துடித்துக்கொண்டிருந்தது.
அழித்தேன்.

விளக்கணைக்க ஆள் வரும்வரை
அந்தக் கட்டம் காலியாக இருந்தது.
பிறகு
அதே சொல்லைத் திரும்ப அடித்தேன்.