கழிவு போக

பாலக்கோடு தக்காளி மண்டியில்
எடை போடுகிறவன் நான்.
கூடைக்கு ஒரு கிலோ கழிவு.
காம்பு, ஈரம், நசுங்கல் என்று
கேட்டால் காரணம் சொல்வேன்.
கேட்காதவர்களுக்குச் சொல்வதில்லை.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில்
ஏழாம் மாதமே வந்துவிட்டவளைத்
தட்டில் கிடத்தினார்கள்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் ஆடி நின்றன.
ஆயிரத்து நூற்று எண்பது.
ஒரு கூடையின் கழிவு,
மேலே ஒரு கைப்பிடி.

தையல் வலியோடு படுத்திருந்த அம்சவேணி
எவ்வளவு என்றாள்.
ஒன்னேகால் என்றேன்.
பதினோரு வருடத்தில்
நான் கூட்டிச் சொன்ன முதல் எடை.

மூன்றாம் நாள் ஆயிரத்துத் தொண்ணூறு.
"தராசு சரியில்லை சிஸ்டர்."
சொன்ன பிறகுதான் தெரிந்தது
அது என் குரல் இல்லையென்று.
மாரண்டஅள்ளிக்காரர் குரல்,
பெல்ரம்பட்டிக்காரர் குரல்,
பிக்கிலியிலிருந்து ராத்திரியே வண்டி பிடித்து வந்து
என் தோளுக்கு மேல் எட்டி எட்டி
முள்ளைப் பார்க்கும் அந்த அம்மாளின் குரல்.

ஹசீனா சிஸ்டர் கோபிக்கவில்லை.
சுழியத்துக்குக் கொண்டுவந்தார்.
துணியைத் தனியே நிறுத்தார்.
மறுபடி வைத்துக் காட்டினார்.
ஆயிரத்துத் தொண்ணூறு.
"மொத வாரம் இறங்கும். அப்புறம் ஏறும்."
விலையைப் பற்றி நாங்கள் சொல்கிற அதே வார்த்தை,
நம்பாமல் சொல்கிற வார்த்தை.

"சட்டையைக் கழட்டுங்க" என்றார்.
அழுகல் வாடை, சோப்புக்கும் போகாது என்றேன்.
"அவளுக்குச் சூடு போதும்."
நெஞ்சின் நடுவில் தவளைபோல் மடக்கி வைத்து
குல்லா மாட்டி
அம்சவேணியின் சேலையால் சேர்த்துக் கட்டினார்.
மூச்சு விடப் பயந்தேன்.
அவள் விட்டாள்.

பேசிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள்.
என்ன பேசுவது?
நாட்டுத் தக்காளி பன்னிரண்டு, ஒட்டு பதினெட்டு
என்று அன்றைய விலை சொன்னேன்.
பக்கத்து நாற்காலியில் அரூர் லாரி டிரைவர்,
இரட்டையில் தங்கிய ஒன்றைச் சுமந்துகொண்டு
தொப்பூர், ஓமலூர், சங்ககிரி என்று
வழி சொல்லிக்கொண்டிருந்தார்.
இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பாலாடையில் இரண்டு மில்லி.
பிறகு ஐந்து. பிறகு பன்னிரண்டு.
பத்து கிராம் ஏறிய நாளில்
பெயர் தெரியாதவர்கள்கூட
வராந்தாவில் நிறுத்தி விசாரித்தார்கள்.

இப்போது செவ்வாய்தோறும்
கீழ்த்தளத்தில் வேறொரு அறை.
ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்ற பலகையை
அம்சவேணி இரண்டு மூச்சில் படித்தாள்.
பாய்கள், துண்டுச் சுருள், கிலுகிலுப்பை.
குடம் தூக்கினதாலயா என்று
புதிதாக வந்தவள் ஒருத்தி அழுதாள்.
அதே கேள்வியை இருட்டில் என்னிடம் கேட்டிருந்த அம்சவேணி
"இல்ல, டாக்டர் சொன்னாங்க, இல்ல" என்றாள்,
ஏதோ தனக்கு முதல் நாளே தெரிந்ததுபோல.

பிள்ளைக்கு ஆறு மாதம்.
நோட்டில் நாலு என்று எழுதினார்கள்.
முந்தி வந்த இரண்டைக் கழித்துவிட வேண்டுமாம்.
நாலு மாதப் பிள்ளை செய்வதைச் செய்தால் போதுமாம்.
இங்கேயும் கழிவு உண்டு.
கொண்டுவந்தவர் பக்கம் போடுகிற கழிவை
அன்றுதான் பார்த்தேன்.

பளிச்சென்ற நிறத்தில் ஏதாவது இருக்கிறதா என்றார் தெரபிஸ்ட்.
பையில் தேடினேன். வேறென்ன இருக்கும்.
முகத்துக்கு நேரே பிடித்து
மெதுவாக வலப்பக்கம் நகர்த்தினார்.
கண்கள் கூடவே போயின, கடைசிவரை.
இடப்பக்கம்
பாதியில் நின்றுவிட்டன.
மறுபடி. பாதியில்.
"வீட்டுல தினம் இருபது தடவை" என்று
நோட்டில் எழுதினார்.
நான் அவர் முகத்தையே பார்த்தேன்.
முகத்தில் எடை தெரியவில்லை.

நேற்று விடியலில் பிக்கிலி அம்மாள்
தராசு சரியில்லை என்றாள்.
கூடையை இறக்கினேன்.
சுழியத்துக்குக் கொண்டுவந்து
மறுபடி ஏற்றினேன்.
முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அம்சவேணி
பாயில் குப்புறப் படுத்து
தக்காளியை இடப்பக்கம் நகர்த்திக்கொண்டிருப்பாள்.
பதினாலு.
பதினைந்து.