பல்லைப் பிடித்துப் பார்த்தல்

தோக்மோக் சந்தையில் அது வாயே திறக்கவில்லை.
ஷாதிபெக் சாவியைத் திருகினான்.
நீலத் தலை ஸில் லாரி ஒருமுறை குலுங்கி
நல்ல பிள்ளையாக நின்றது.
எண்ணிக் கொடுத்தேன்:
இரண்டு பசு, ஒரு குதிரைக்குட்டி, மீதி அக்காவின் பணம்.
மர அறுவைப் பட்டறைக்குப் புது ரம்பம் வாங்க வேண்டும்,
அதனால்தான் விற்கிறேன் என்றான்.
நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான்.

மூன்றாம் நாள்
காரா-கெச்சே நிலக்கரியோடு கணவாய் இறங்குகையில்
காலுக்கடியில் தொடங்கியது.
முதலில் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி.
கொச்கோர் வருவதற்குள் சோறு இல்லை, கல் மட்டும்.
இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக
முழங்காலால் ஸ்டியரிங்கை அணைத்துக்கொண்டு
இரு கையாலும் கம்பியை இழுத்தேன்.

தானமாக வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இது விலைக்கு வந்தது.
இதற்கும் பல் உண்டு.

துர்தாகுன் வந்தான், கையில் ரொட்டித் துண்டோடு.
எஞ்சினை அணை, கியரைப் போட்டுப் பார் என்றான்.
போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.
வெண்ணெயில் இறங்கும் கத்தி.
எஞ்சின் ஓடும்போது மட்டும் மல்லுக்கட்டு.
அப்படியென்றால் பெட்டியைத் திட்டாதே,
கிளட்ச் முழுசாக விடவில்லை.
மிதியைக் கையால் அமுக்கினேன்.
ஒரு சாண் சும்மாவே போயிற்று.
மூன்று விரல் போதும் அதற்கு.
வண்டிக்கடியில் பனியில் மல்லாந்து
கம்பியின் நட்டை இறுக்கினேன்.
மூன்றாவது கியர் விழுந்தது,
கோபம் தீர்ந்தவர் கை நீட்டுகிற மாதிரி.

ஒன்று முடிந்தது. சத்தம் அப்படியே.

நியூட்ரலில் வை. காலை எடு.
உறுமல்.
மிதி.
இல்லை.
எடு. உறுமல்.
மிதிக்கும்போது கத்தினால் கிளட்ச் பேரிங்,
அரை நாள் வேலை, போனால் போகிறது.
மிதித்தால் அடங்குகிறதென்றால் உள்ளே.
நேர்ச்சாலையில் ஓட்டிப் பார்த்தோம்.
ஐந்தில் முக்கால்வாசி அடங்கிற்று,
நான்கில் திரும்பக் கிளம்பிற்று, இரண்டில் ஊரே திரும்பிப் பார்த்தது.
ஐந்தாவது நேர் கியர், கீழ் ஷாஃப்டுக்குப் பாரமில்லை.
துர்தாகுன் ரொட்டியை மென்று முடித்து
கீழ் ஷாஃப்ட் பேரிங் என்றான்,
யாரோ இறந்த சேதி மாதிரி.

சூடு ஆறுவதற்குள் அடிநட்டைக் கழற்றினேன்.
எண்ணெய் வரவில்லை.
கூழ் வந்தது.
காந்தத்தில் இரும்புச் செதில்கள், மீன் கழுவிய தொட்டிபோல்.
விரலிடுக்கில் தேய்த்தேன்: மரத்தூள்.
பிடிபிடியாக மரத்தூள்.
சத்தத்துக்குத் திணித்த தலையணை.
நகக்கண் அளவு ஒரு சிம்பு மட்டும் அரைபடாமல்;
பெட்ரோலில் அலசியதும் வரி தெரிந்தது.
அக்ரூட் மரம்.

ஷாதிபெக்குக்குப் போன் செய்தேன்.
குளிர் அதிகம், அதனால் முனகும் என்றான்.
பின்னால் அவன் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது.
புது ரம்பம்.
சத்தமே இல்லை அதற்கு.

பேரிங் காரா-பால்தா பழைய இரும்புக் கடையில் இருக்கிறதாம்.
பணம் இல்லை.
நல்ல எண்ணெய் ஊற்றி, ஐந்திலேயே முடிந்தவரை ஓட்டுகிறேன்.
வசந்தத்தில் சந்தை கூடும்,
நாலு பிடி போட்டால் யாருக்குத் தெரியும் என்கிறான் துர்தாகுன்.
சிரித்துக்கொண்டேதான் சொல்கிறான்.

வடிந்த கூழைப் பெயின்ட் டப்பாவில் ஊற்றி வைத்திருக்கிறேன்.
மூடி இறுக்கமாக இருக்கிறது.
இன்னும் கொட்டவில்லை.
ஏனென்று தெரியவில்லை.

தெரியும்.