வெங்காயத் தோல்

முதல் மென்பொருள்
மாதம் பதினெட்டாயிரம் பெசோ கேட்டது.
சிலோயே தீவில், ஜூலை மாதத்தில்,
பதினெட்டாயிரம் என்றால் ஒரு வாரத்து விறகு.
நீர்க்காகம் ஒன்று சிறகு உலர்த்துவதை வரைய
நான் ஒரு வாரம் விறைத்துக் கிடக்க வேண்டும்.
அட்டை எண்ணைக் கேட்ட கட்டத்துக்குள்
ஒரு கோடு மின்னி மின்னிக் காத்திருந்தது.
மூடினேன்.

இரண்டாவது, முப்பது நாள் இலவசம் என்றது.
அதில் பதினெட்டு நாள் சால்மன் ஆலையில் இரவு ஷிப்ட்.
ஒன்பது நாள் பொத்தான்களின் பெயரைப் படித்தேன்.
மிச்ச மூன்று நாளில் ஒரு கழுத்து வரைந்தேன்.
கழுத்து அசைந்தது.
அதன் குறுக்கே, இறைச்சிக் கடை முத்திரை மாதிரி,
கம்பெனிப் பெயரும் சேர்ந்து அசைந்தது.

மூன்றாவது முழுக்க இலவசம்.
திறந்ததும் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி.
நான் பெட்டி கேட்கவில்லை.
மேலிருந்து பார்த்தேன், கீழிருந்து பார்த்தேன்,
தவறிப்போய் ஒருமுறை அதற்குள்ளிருந்தும் பார்த்தேன்.
மடிக்கணினியின் விசிறி
அடுப்பில் மறந்த கெட்டிலாய் இரைந்தது.
மைத்துனன் எலேயாசர் விற்ற கணினி;
கணக்குப் போடலாம், பாட்டுக் கேட்கலாம் என்றுதான் சொன்னான்.
பறவைக்கு அவன் வாக்குக் கொடுக்கவில்லை.

நான்காவதன் பெயர்
சாப்பாட்டு இடைவேளையில் கிடைத்தது.
பெட்டிகளில் ஐஸ் கொட்டும் ரிகோபெர்த்தோ,
மகள் பள்ளியில் இதைத்தான் வைத்திருக்கிறாள் என்று
என் கையுறையின் மேல் எழுதிக்கொடுத்தான்.
ஷிப்ட் முடிவதற்குள் மூன்று எழுத்தை மீன் ரத்தம் தின்றுவிட்டது.
வீட்டில், விட்ட இடங்களில் எழுத்துகளைப் போட்டுப் போட்டு
தேடியதில் ஒரு பல் மருத்துவரும்
ஒரு டிராக்டர் கம்பெனியும் வந்து போனார்கள்.

கடைசியில் வந்தது:
ஒரு பென்சில், ஒரு ரப்பர், அடியில் ஒரு காலக்கோடு.
பாதி போர்த்துகீசியம்,
பாதி யாரோ அவசரத்தில் மொழிபெயர்த்த ஸ்பானியம்.
ஒரு பொத்தானின் பெயர் வெங்காயத் தோல்.
சிரித்துக்கொண்டே அழுத்தினேன்.
முந்தைய படம் மங்கலாய் அடியில் தெரிந்தது,
உரித்ததற்குள் உரிக்காதது தெரிகிற மாதிரி.
கழுத்து எங்கே இருந்ததென்று
இனி நான் ஞாபகம் வைக்க வேண்டாம்.
ஒரு மயிரிழை தள்ளி வரைந்தால் போதும்.

நொடிக்குப் பன்னிரண்டு படம்.
ஆலையில் நிமிடத்துக்குப் பதினாறு மீன்.
கத்தி செவுளில் இறங்குவதும் வாலில் வெளியேறுவதும்
மேற்பார்வையாளருக்குத் தெரியும்.
இடையில் நடப்பது
என் மணிக்கட்டுக்கு மட்டும்.

முப்பத்தொன்றாவது படத்தில் புயல்.
எங்கோ கம்பம் சாய்ந்தது.
பேட்டரி செத்து வருஷமாகிறது.
சேமிக்கவில்லை.
எவ்வளவு எளிய மென்பொருளானாலும்
அந்த ஒரு பொத்தானை நாம்தான் அழுத்த வேண்டுமாம்.

மூன்று நாள் கரண்ட் இல்லை.
வேறு வேலையில்லாமல்
ஜன்னலில் நிஜப் பறவையைப் பார்த்தேன்.
படகின் மூக்கில் ஏறி நின்றது.
நான் வரைந்ததுபோல் சட்டென்று விரிக்கவில்லை.
முதலில் ஒரு உலுக்கல், வாலிலிருந்து கழுத்து வரை.
பிறகு இடது சிறகு.
கொஞ்சம் யோசித்து, வலது.
என் முப்பத்தொரு படமும் தப்பு.
மின்சாரக் கம்பெனிக்கு நன்றி சொல்ல மாட்டேன்.
ஆனாலும்.

இப்போது இரண்டு நொடி இருக்கிறது.
கைபேசியில் காட்டினேன்.
ரிகோபெர்த்தோ மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பார்த்தான்.
உலுக்கல். இடது. வலது.
திரும்பப் போடு என்றான்.
திரும்ப.
மணி அடித்தது, பெல்ட் ஓடத் தொடங்கியது.
"நின்ஃபா, இது பறக்குமா?"

பறக்க இன்னும் நாற்பது படமாவது ஆகும்.
விறகுக்காரரிடம்
ஒரு மூட்டை கூடுதலாகச் சொல்லியிருக்கிறேன்.