முப்பத்தெட்டு

பழம் நிறுப்பது என் வேலை.
செம்பனைக் குலையோடு லோரி ஏறும்,
முள் ஆடும், நிற்கும்,
எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
அந்த எண்ணோடு
யாரும் இதுவரை சண்டைக்கு வந்ததில்லை.

முனியாண்டிக்கு ஆடு வெட்டலாமா என்பதற்கு
அப்படி ஒரு தராசு இல்லை.

சனிக்கிழமை இரவு, பாலாய் ராயாவில்
ஒரு விசிறிதான் ஓடியது.
மாரிக்கண்ணு எழுந்தாள்.
தாப்பா சாலையில் மோட்டார் கவிழ்ந்து
பதினோரு நாள் கண் திறக்காத மகன்
பன்னிரண்டாம் நாள் தண்ணீர் கேட்டான்.
"வாக்குக் கொடுத்தது நான், வாங்கியது முனி.
நடுவில் உங்களுக்கு என்ன?"

போன வருஷம் கயிற்றைப் பிடித்தவன் நான் என்றேன்.
வெட்டுக்கு முன்னால் அது
என் உள்ளங்கையை நக்கியது.
உப்புக்காக இருக்கலாம்.
அந்த ஈரம் இன்னும் காயவில்லை.

அவள் வேண்டுதலுக்குள் நான் போக முடியாது.
என் உள்ளங்கைக்குள் அவள் வர முடியாது.
பேசிப் பேசித் தேத்தண்ணி ஆறியதுதான் மிச்சம்.
குணசீலன் நாற்காலியைத் தூக்கினான்,
பிறகு வெட்கப்பட்டு அதிலேயே உட்கார்ந்தான்.

முன்பெல்லாம் தலைவர் சொன்னால் முடிந்தது.
அதற்கும் முன்னால்
துரை பங்களாவிலிருந்து துண்டுச்சீட்டு வரும்.
சில நேரம் நியாயமாகவும் இருக்கும்.
எங்களைக் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

பழைய காலண்டரைக் கிழித்துச் சீட்டாக்கினோம்.
பெட்டிக்கு ஒரு மைலோ டின்.
பள்ளிக்கூடத்துக் கழிவறை கழுவும் பெருமாயிக்கு ஒன்று,
கோவிலுக்குக் கூரை போட்டுத் தந்த
கான்ட்ராக்டர் மகிழ்நனுக்கும் ஒன்றே ஒன்று.
மாரிக்கண்ணு என் தோளை ஒட்டி நின்று
மூன்று தடவை எண்ண வைத்தாள்.
என் மேல் நம்பிக்கை இல்லை. நல்லதுதான்.

நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு.

தோற்றேன்.
தப்பு என்று இன்றும் சொல்வேன்.
நாற்பத்தொரு பேர் சொன்னால்
ரத்தம் தண்ணீராகிவிடாது.
ஆனால் என்னைத் தோற்கடித்த கணக்கில்
நானும் ஒன்றாக இருந்தேன்.
எண்ணும்போது யாரும் என்னைக் கழிக்கவில்லை,
நானும் அவளைக் கழிக்கவில்லை.
இதைவிடப் பெரிய காரணம் கேட்டால்
என்னிடம் இல்லை.

மினிட் புத்தகத்தில் இரண்டு எண்ணையும் எழுதினேன்.
அடுத்த கூட்டம் மாசியில் என்றும்.

ஆட்டுக்குச் சீட்டு கிடையாது.
அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, நானும்தான்.
வெளியே கொய்யா மரத்தடியில்
கட்டிப் போட்டிருந்தார்கள்.
காற்றில் வந்த காலண்டர்த் துண்டொன்றை
மென்றுகொண்டிருந்தது.
எந்தப் பக்கத்துச் சீட்டோ,
இருட்டில் தெரியவில்லை.