பதினோராவது லோடு

முதல் வாரம் எதுவும் வந்து குடிக்கவில்லை.
தொட்டி ததும்பக் கிடந்தது.
வெறும் வானம், அதில் ஒரு குளவி
செத்து மிதந்தது.

மசணன்தான் டேங்கின் வாயில் முகத்தை விட்டு
மோந்து பார்த்துச் சொன்னான்:
"திருப்பூர் நாறுதுங்க."
போன வருசம் வரைக்கும் சாயப்பட்டறைக்கு ஓடிய டேங்க்.
எனக்குப் பழகிப்போன வாடை.
ஒரு மைல் தள்ளி நிற்கும் யானைக்கு
அது ஒரு சேதி.

புளியும் உப்பும் போட்டு இரண்டு நாள் தேய்த்தேன்.
உள்ளே இறங்கித் தேய்க்கையில்
என் மூச்சு என்னிடமே திரும்பி வந்தது,
பழைய நீலத்தில்.

பண்ணாரிக்கு மேற்கே வண்டித்தடம் பிரிகிறது.
ஊஞ்ச மரங்கள் இலையை விட்டிருந்தன,
கோடைக்கு அது வழக்கம்.
இந்தத் தடவை பட்டையும் இல்லை.
உரித்தது யானை,
உரித்த இடத்தை நக்கியது குரங்கு.
ஊமைப்பள்ளத்து மணலில் ஆள் இறங்கும் ஆழத்துக்குக் குழிகள்.
ஒன்றில் ஒரு மான்குட்டி விழுந்து கிடந்தது.
மசணன் அதை நோட்டில் ஏற்றவில்லை.
"எழுதுனா டாக்டரு, ஜீப்பு, போட்டா, அப்பறம் எரிச்சுப்போடுவாங்க.
கழுதப்புலி பட்டினி கெடக்குதுங்க."

நான் தண்ணீர் பிடிப்பது ராக்கியண்ணன் வாழைத்தோட்டத்தில்.
காட்டு அகழியிலிருந்து நாற்பதடி.
போர் ஆயிரத்து நூறு.
லோடுக்கு அவருக்கு முந்நூறு,
எனக்கு எழுநூறு, டீசல் என் பாடு.
போன மாசம் இன்னும் இருநூறு அடி இறக்கினார்.
வண்டி கக்கிய கல்மாவு அகழி தாண்டிப் படிந்ததில்
உண்ணிச்செடிகள் ஒரே ராத்திரியில் நரைத்திருந்தன.
மசணன் கேட்டான், கேள்வி மாதிரி இல்லாமல்:
"பைப்பு நேராத்தான் எறங்குதுங்களா,
இல்ல காட்டுப்பக்கம் சாஞ்சு போகுதுங்களா?"

நான் கியரை மாற்றினேன்.

பதினோராவது லோடு இறக்கும்போது பொழுது விழுந்துவிட்டது.
ஓஸை உதறிக்கொண்டிருந்தேன்.
ஒரு குச்சிகூட முறியவில்லை.
திரும்பினால் நின்றாள்.
முதுகெலும்பின்மேல் தோலைக் காயப்போட்ட மாதிரி.
கூடக் குட்டி இல்லை,
முன்னங்கால்களுக்கு நடுவில் பால் கட்டிய மார் மட்டும்.

தும்பிக்கை தொட்டிக்குப் போகவில்லை.
டேங்குக்கு வந்தது. வால்வு, டயர்,
அப்புறம் என் சட்டை, டீசல் கை.
எதை மோந்தாளோ.
திருப்பூரையா, ராக்கியண்ணன் போரையா,
சட்டைப்பையில் மடித்த எழுநூறையா.
மசணன் என் முழங்கையைப் பிடித்திருந்தான்.
அவன் கை நனைந்திருந்தது.

பிறகு குடித்தாள்.
பதினேழு உறிஞ்சல் வரை எண்ணினேன்.
தொட்டிச் சுவரில் கறுப்பாய் ஒரு கோடு விட்டு
மட்டம் இறங்கியது.
எங்கள் காலுக்கு அடியிலும்
எங்கோ ஒரு கோடு இறங்கியிருக்கும்.

ரசீதில் 'பயன்பாடு' என்று ஒரு கட்டம் உண்டு.
'வனவிலங்கு' என்று எழுதுவது வழக்கம்.
அன்றைக்கு மசணன் பேனாவை ஊன்றி
ரொம்ப நேரம் யோசித்தான்,
'திருப்பிக் குடுத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

மற்ற பத்தும் வந்துவிட்டது.
அந்த ஒரு பில் மட்டும்
இன்னும் ரேஞ்சர் மேசையில் கிடக்கிறது.