அறை எண் 31, அட்டாச்டு

பாபுராவ் தெருவில் எங்கள் லாட்ஜ்.
அறைக்கு ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு,
அடுப்பிலிருந்து ஓரடி எட்டு வைத்தால் பாத்ரூம்.
தங்குகிறவர்கள் ஊர் பார்க்க வந்தவர்கள் இல்லை.
பெயர் கேட்டால் முதலில்
ஆஸ்பத்திரி அட்டையைத்தான் நீட்டுவார்கள்.

போர் தண்ணீர் இங்கே ஒரு தினுசு.
பக்கெட்டில் ஒரு ராத்திரி நின்றால்
விளிம்பில் வெள்ளைக் கோடு போடும்.
குழாய் மூக்கில் உப்பு
பல் மாதிரி முளைக்கும்.
மாதம் ஒரு முறை மேனேஜர் அஷ்பாக்
புதுப் பாட்டில் வாங்கி வருவார்:
எலுமிச்சைப் படம், பைன் மரப் படம்,
பளபளக்கும் சிங்க்கின் பக்கத்தில் சிரிக்கிற ஒருத்தி.
அவள் சிங்க்கில்
எங்கள் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்திருக்காது.

பத்து வருஷத்தில் எனக்குத் தெரிந்தது:
உப்புக்குப் புளிப்பு.
எண்ணெய்க்குச் சோடாவும் கொதிநீரும்.
மஞ்சள் கறைக்கு வெயில், வெயில் வராத அறையில் பொறுமை.
ஆசிட் பீங்கானுக்கு மட்டும்; மொசைக்கில் பட்டால்
தரைக்கு அம்மைத் தழும்பு.
பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது,
அதைக் கஸ்தூரி
இருபத்து நாலாம் நம்பரில் கற்றுக்கொண்டாள்.
இன்றும் மாடிப்படியில்
பாதியில் நின்று மூச்சு வாங்குவாள்.

சித்திரையில் வந்தார்கள் மால்தாவிலிருந்து,
ஷெஃபாலியும் ஒன்பது வயசுப் பையனும்.
நான் ஃபினாயில் வாளியோடு நுழைந்ததும்
அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டினாள்:
கொந்தோ, கொந்தோ.
கந்தனைக் கூப்பிடுகிறாளோ,
வந்த அன்றைக்கே யார் இவளுக்கு
வள்ளிமலையைச் சொன்னது என்று நினைத்தேன்.
அதற்குள் பையன் வாந்தியெடுத்துவிட்டான்.
கீழே அஷ்பாக் சொன்னார்:
வாசனையைச் சொல்றாங்க ரேணுகா.
கந்தம். நம்ம வார்த்தைதான்.

ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்த பிள்ளை.
கிருமி மிச்சமிருக்கக் கூடாது,
மணமும் மிச்சமிருக்கக் கூடாது.
அப்படி ஒரு பாட்டில் லாங் பஜார் முழுக்க இல்லை.
மல்லிகை இருந்தது. லாவண்டர் இருந்தது.
ஸ்ட்ராங்காக வேண்டுமென்றால் எல்லாக் கடையிலும் இருந்தது.
ஸ்ட்ராங் இல்லாதது கேட்டேன்.
கடைக்காரர் என் சேலையைப் பார்த்தார்,
விலை குறைந்ததை எடுத்து வைத்தார்.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது பாட்டிலை இல்லை, நேரத்தை.
ஏழு மணிக்கு அவர்கள் ஊசி போடக் கிளம்பியதும்
பிளீச்சிங்கை நிறையத் தண்ணீரில் கரைத்துத்
தெளிந்ததை மட்டும் ஊற்றினேன்.
பத்து நிமிஷம் ஈரம் நிற்கணும்.
போட்ட கையோடு துடைத்தால்
கிருமிக்கு அது குளியல், அவ்வளவுதான்.
பிறகு மூன்று வாளித் தண்ணீர்,
ஜன்னல் இரண்டும் விரிய, ஃபேன் ஐந்தில்.
உப்பேறிய குழாய்க்கு வினிகர் நனைத்த துணி,
தொண்டைக்குக் கட்டுவது போலச் சுற்றி.
அவர்கள் திரும்பும்போது அறையில்
தண்ணீர் வாடைகூட இருக்காது.
பையன் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுவான்.
பிறகுதான் உள்ளே வருவான்.

வடிகால் சல்லடையில் முடி.
முதல் வாரம் கைப்பிடி, அடுத்த வாரம் இரண்டு கைப்பிடி,
அப்புறம் இல்லை.
அடுப்புக்குப் பின்னால் தெறிக்கும் கடுகெண்ணெயும்
நாளுக்கு நாள் குறைந்தது.
மீன் பொரிக்கவில்லை. பிறகு எதுவுமே பொரிக்கவில்லை.
டைல்ஸ் தானாகச் சுத்தமாயிற்று.
எனக்கு வேலை மிச்சம்.
அந்த மிச்சம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆடி வெள்ளிக்கு லீவு போட்டுப் படவேடு போயிருந்தேன்.
திரும்பினால் அறை காலி.
காட்பாடிக்கு ஆட்டோ ஏறியது
ஒருத்தரா இரண்டு பேரா,
அஷ்பாக்கிடம் நான் கேட்கவில்லை.
அவரும் சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அறையைச் சரிபார்க்க வந்தவர்
பாத்ரூமில் நின்றார்.
டைல்ஸில், என் இடுப்பு உயரத்தில்,
ஒரு கிரிக்கெட் பேட் ஸ்டிக்கர்,
ஓரம் தூக்கியிருந்த இடத்தை
யாரோ விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டியிருந்தார்கள்.

இது எதைப் போட்டா போகும்?
போகாது சார், என்றேன்.

தேங்காய் எண்ணெய் தடவி
அரை மணி விட்டால் வந்துவிடும்.